கியூர்ஷாக் நினைவுக் கணிதப் போட்டி: புடாபெஸ்ட் போகாமலே எழுதிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்றே கணக்கு. நான்கு மணி நேரம். பாடப்புத்தகம், நோட்டு, எது வேண்டுமானாலும் மேசைமேல் திறந்து வைத்துக்கொள்ளலாம். இப்படி ஒரு தேர்வு என்று சொன்னால் நம்மூர் மாணவர்கள் முதலில் சிரிப்பார்கள். பார்த்து எழுதலாம் என்றால் எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கிவிட மாட்டார்களா என்பார்கள். உட்கார்ந்து ஒரு மணி நேரம் போன பிறகுதான், அந்த மூன்றில் ஒன்றை முழுசாக முடித்தாலே பெரிய விஷயம் என்பது உறைக்கும். ஹங்கேரியில் 1894-இல் தொடங்கி, நடுவில் இரண்டு முறை நின்று, இன்றுவரை நடந்துவரும் கியூர்ஷாக் யோஜெஃப் நினைவுப் போட்டிதான் இது.

ஹங்கேரியப் பள்ளி மாணவர்களுக்கான போட்டி அது, நாம் பெயர் கொடுக்க முடியாது. ஆனால் அதன் வினாத்தாள்கள் கிடைக்கின்றன, விதிமுறைகள் எளிமையானவை, ஒரு அறையும் ஒரு சனிக்கிழமைக் காலையும் இருந்தால் அதே போட்டியை உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ நடத்திவிடலாம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிப்பவர்களுக்கும், அவர்களுக்குச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்கு இது உதவுமா என்று கேட்டால், நேரடியாக உதவாது. அதற்கு வேறு வழி பாருங்கள்.

முதல் படி: போட்டியின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

எட்வோஷ் லோராண்ட் என்றொரு இயற்பியலாளர், ஈர்ப்பு விசையை மிக நுட்பமாக அளந்தவர். ஹங்கேரியின் கணித, இயற்பியல் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். 1894-இல் அவர் கல்வி அமைச்சர் ஆனார். அதைக் கொண்டாட அந்தச் சங்கம் மாணவர் போட்டி ஒன்றைத் தொடங்கியது. மாலை, பொன்னாடை, பாராட்டு விழா என்று போகாமல் மூன்று கணக்கு கொடுத்துக் கொண்டாடியிருக்கிறார்கள்! பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்தவர்கள் இலையுதிர் காலத்தில் வந்து எழுதுவார்கள். பின்னால் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் கதவு திறந்தது.

முதல் உலகப் போரை அடுத்து வந்த குழப்பத்தில் 1919 முதல் 1921 வரை போட்டி இல்லை. இரண்டாம் போர் சமயத்தில் 1944 முதல் 1946 வரை இல்லை. 1949-இலிருந்து கியூர்ஷாக் பெயரில் நடக்கிறது. எட்வோஷின் பெயரை இப்போது இயற்பியல் போட்டி வைத்திருக்கிறது. கணிதப் போட்டியை நடத்துவது போயாய் யானோஷ் கணிதச் சங்கம்.

கியூர்ஷாக் யார்? 1864-இல் பிறந்து 1933-இல் மறைந்தவர், புடாபெஸ்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர். இயற்கணிதத்தில் மதிப்பீட்டுக் கோட்பாடு என்ற துறைக்கு அடித்தளம் போட்டவர். அதெல்லாம் நமக்கு எட்டாத உயரம் என்று வைத்துக்கொண்டாலும், அவர் பெயரில் ஒரு சின்ன அழகு உண்டு: ஆரம் 1 உள்ள வட்டத்துக்குள் ஒழுங்கான பன்னிரண்டு பக்க உருவம் வரைந்தால் அதன் பரப்பு மிகச் சரியாக 3. பை வராது, வர்க்கமூலம் வராது, வெறும் 3. மையத்திலிருந்து பன்னிரண்டு முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கோணம் 30 பாகை என்று போட்டால் பத்தாம் வகுப்புப் பையனுக்கே விடை வந்துவிடும். கியூர்ஷாக் அதை, உருவத்தை வெட்டி ஒட்டியே காட்டினார்.

போட்டிக்கு அவர் செய்த பெரிய வேலை வேறு. 1894 முதல் 1928 வரையிலான வினாக்களைத் திரட்டி, விடைகளோடு 1929-இல் நூலாக்கினார். பல கணக்குகளுக்கு இரண்டு மூன்று வழிகள், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் தேற்றங்கள் பற்றித் தனிக் குறிப்புகள் என்று நிதானமாக எழுதியிருப்பார். அந்தத் தொகுப்பு இல்லையென்றால் இந்தப் போட்டி ஹங்கேரிக்கு வெளியே இந்த அளவுக்குத் தெரிந்திருக்காது என்பது என் கணிப்பு.

பரிசு வாங்கியவர்கள் பட்டியல் சற்று மிரட்டும். 1897-இல் கணிதவியலாளர் ஃபெயேர் லிபோட் இரண்டாம் பரிசு, 1898-இல் விமானவியல் மேதை கார்மான், 1903-இல் ஹார், 1912-இல் செகோ என்ற கணிதவியலாளர்கள், 1925-இல் இயற்பியலாளர் எட்வர்ட் டெல்லர். அந்தச் செகோதான் பிறகு கியூர்ஷாக் கேட்டுக்கொண்டதற்காக ஒரு பள்ளிச் சிறுவனுக்குத் தனியாகக் கணிதம் சொல்லிக்கொடுத்தார், அந்தச் சிறுவன்தான் பின்னாளில் கணிதத்திலும் கணினியியலிலும் பெரும்பெயர் எடுத்த ஜான் வான் நாய்மன். சரி, இந்தப் பெயர்களை ஒருமுறை படித்துவிட்டு மறந்துவிடுங்கள். சுவரில் படம் ஒட்டி ஊக்கப்படுத்துகிறேன் என்று ஆரம்பித்தால், பிள்ளைகள் இது நமக்கானதில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: வினாத்தாள்களைச் சேகரியுங்கள்

கியூர்ஷாக்கின் தொகுப்பு 1963-இல் ஆங்கிலத்தில் ‘ஹங்கேரியன் ப்ராப்ளம் புக்’ என்ற பெயரில் இரண்டு பாகங்களாக வந்தது. முதல் பாகம் 1894 முதல் 1905 வரை, இரண்டாம் பாகம் 1906 முதல் 1928 வரை. அதற்குப் பிறகான ஆண்டுகளுக்கும் தொடர் பாகங்கள் வந்திருக்கின்றன. சமீபத்திய ஆண்டுகளின் வினாக்கள் இணையத்தில் கிடைக்கும். ஆரம்பத்தில் உங்களுக்கு வேண்டியது முதல் பாகம் மட்டும்தான். நூலகத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கியதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று. வினாக்கள் புத்தகத்தின் முன்பகுதியிலும் விடைகள் பின்பகுதியிலும் இருக்கும், பின்பகுதியை ஒரு ரப்பர் பேண்ட் போட்டு மூடிவிடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கைடு பார்த்துப் பழகிய கை தானாகவே பின்பக்கம் புரட்டும்.

ஆண்டு வரிசையில் போக வேண்டும் என்பதும் இல்லை. பழைய தாள்களில் சில கணக்குகள் இன்றைய மாணவருக்குக் கொஞ்சம் வறட்சியாக இருக்கும், முக்கோணவியல் சூத்திரங்களை நீளமாகப் புரட்டச் சொல்லும். அவற்றைத் தாண்டிப் போகலாம், பாவம் ஒன்றும் இல்லை. 1980-க்குப் பிந்தைய தாள்களை இப்போதைக்குத் தொடாதீர்கள், அவை வேறு மட்டத்தில் இருக்கின்றன.

மூன்றாம் படி: எவ்வளவு கணிதம் தெரிந்திருக்க வேண்டும்

நினைப்பதைவிடக் குறைவு. நுண்கணிதம் வேண்டாம், அணிகள் வேண்டாம். நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் யூக்ளிடின் வகுத்தல் துணைத் தேற்றமும் மட்டு எண்கணிதமும் இருக்கின்றன, ஒன்பதாம் வகுப்பில் ஹெரான் சூத்திரம் இருக்கிறது, அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆரம்ப ஆண்டுகளுக்கு இவை போதும். கூடுதலாகக் கற்க வேண்டியவை மூன்று: கணிதத் தொகுத்தறிதல் (1-க்கு உண்மை, ஓர் எண்ணுக்கு உண்மை என்றால் அடுத்த எண்ணுக்கும் உண்மை என்று காட்டி எல்லா எண்களுக்கும் நிறுவும் முறை), புறாக்கூண்டுக் கொள்கை (கூண்டுகளைவிடப் புறாக்கள் அதிகம் என்றால் ஏதோ ஒரு கூண்டில் குறைந்தது இரண்டு புறா இருக்கும் என்பது), வர்க்கங்களின் கூடுதல் குறை எண் ஆகாது என்பதை வைத்து எழுதும் சமனிலிகள். நான்கைந்து வார இறுதிகளில் முடிந்துவிடும்.

நம் மாணவர்களிடம் இல்லாதது பாடம் அல்ல. ‘நிறுவுக’ என்று முடியும் கேள்வியை இதுவரை பார்த்திராத வடிவத்தில் சந்தித்த அனுபவம் இல்லை, அவ்வளவுதான். வகுப்பில் நிறுவுவதெல்லாம் ஏற்கெனவே மனப்பாடமான தேற்றங்கள். இங்கே கேள்வி புதிது, வழி தெரியாது, முதல் அரை மணி நேரம் தாளில் ஒரு வரிகூட விழாது. அந்த அரை மணி நேரத்தைத் தாங்கப் பழகுவதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

நான்காம் படி: முதல் ஆண்டின் முதல் கணக்கை முழுசாகப் போட்டுப் பாருங்கள்

1894, கணக்கு 1. க, ச இரண்டும் முழு எண்கள். 2க + 3ச என்பது 17-ஆல் வகுபடும்போதெல்லாம் 9க + 5ச என்பதும் 17-ஆல் வகுபடும், அதேபோல மறுதலையும் உண்மை என்று நிறுவுக.

முதலில் எண் போட்டுப் பாருங்கள். க = 7, ச = 1 என்றால் முதலாவது 14 + 3 = 17. இரண்டாவது 63 + 5 = 68, அதாவது 17 × 4. சரியாக இருக்கிறது. க = 1, ச = 5 என்றால் முதலாவது 17, இரண்டாவது 34. இதுவும் சரி. ரஃப் தாளில் இப்படி நாலைந்து போட்டுப் பார்ப்பது அவசியம். கேள்வியில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் கைக்கு வசப்படும். ஆனால் அதை விடைத்தாளில் எழுதி ‘எனவே நிறுவப்பட்டது’ என்று போட்டால் பூஜ்யம்தான். நூறு எடுத்துக்காட்டு கொடுத்தாலும் பூஜ்யம்தான்.

அடுத்து, இந்த இரண்டையும் எப்படி இணைப்பது என்று யோசியுங்கள். முதலாவதை ஏதோ ஒரு எண்ணால் பெருக்கி இரண்டாவதோடு கூட்டினால் 17 வெளியே வருமா? க-வின் கெழுவைப் பாருங்கள்: 2-ஐ எதால் பெருக்கி 9-ஐக் கூட்டினால் 17? நான்கால். ச-வுக்கும் அதே நான்கு ஒத்துவருகிறதா? 3 × 4 + 5 = 17. வருகிறது! ஆக,

4(2க + 3ச) + (9க + 5ச) = 17க + 17ச

இந்த ஒரு வரிதான் கணக்கின் உயிர். வலப்பக்கம் எப்போதும் 17-இன் மடங்கு. 2க + 3ச என்பது 17-ஆல் வகுபட்டால் அதன் நான்கு மடங்கும் வகுபடும், எனவே மிச்சமிருக்கும் 9க + 5ச வகுபட்டே ஆக வேண்டும். ஒரு திசை முடிந்தது.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் பேனாவை மூடி வைத்துவிடுவார்கள், அல்லது ‘இதேபோல் மறுதலையும் உண்மை’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போவார்கள். இதேபோல் இல்லை. 9க + 5ச வகுபடும் என்று எடுத்துக்கொண்டால் நமக்குக் கிடைப்பது 4(2க + 3ச) வகுபடும் என்பது மட்டும்தான். அதிலிருந்து அந்த நான்கைக் கழற்ற ஒரு காரணம் வேண்டும்: 17 ஒரு பகா எண், அது 4-ஐ வகுக்காது, எனவே 2க + 3ச-வை வகுத்தே தீர வேண்டும். இந்த வாக்கியத்தை எழுதியவருக்கும் எழுதாதவருக்கும் நடுவில்தான் இந்தப் போட்டியே நடக்கிறது. 17-க்குப் பதில் 6 இருந்திருந்தால் அந்தக் கடைசி நகர்வு தப்பாகியிருக்கும், ஏனென்றால் 4 × 3 = 12 ஆறால் வகுபடும், 3 வகுபடாது.

ஐந்தாம் படி: சிறிய கணக்குகளில் கை பழகுங்கள்

1898, கணக்கு 1: 2-இன் எந்த அடுக்குகளோடு 1-ஐக் கூட்டினால் 3-ஆல் வகுபடும்? கார்மான் பரிசு வாங்கிய ஆண்டு, ஆனால் கணக்கு இவ்வளவு எளிது. 2, 4, 8, 16, 32 என்று போய் 3-ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள்: 2, 1, 2, 1, 2. மீதி 2 இருந்தால் அடுத்ததில் 4, அதாவது 1. மீதி 1 இருந்தால் அடுத்ததில் 2. ஆகவே இது மாறி மாறியே வரும், அடுக்கு ஒற்றைப்படையாக இருக்கும்போது மட்டும் மீதி 2, அதோடு 1 சேர்ந்தால் 3. இதில் கவனிக்க வேண்டியது, ‘மாறி மாறி வருகிறது’ என்று பார்த்ததைச் சொல்வதற்கும் ‘மாறி மாறியே வரும்’ என்பதற்குக் காரணம் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம்.

1895, கணக்கு 1: சீட்டுக்கட்டைப் பிரிப்பது. இரண்டு பேருக்கு, ஆளுக்கு ஒரு சீட்டாவது கிடைக்கும்படி, எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டு வாய்ப்பு, எல்லாம் ஒருவருக்கே போகும் இரண்டு நிலைகளைக் கழித்துவிடுங்கள். முடிந்தது. மூன்று சீட்டுக்கு 6.

1906, கணக்கு 3: எனக்கு மிகப் பிடித்தது இதுதான். 1, 2, 3 என்று ஒற்றைப்படை எண்ணிக்கையிலான எண்களை, ஏழு என்றே வைத்துக்கொள்ளுங்களேன், ஏதோ ஒரு வரிசையில் கலைத்து அடுக்குகிறீர்கள். முதல் இடத்தில் இருப்பதிலிருந்து 1-ஐக் கழியுங்கள், இரண்டாம் இடத்தில் இருப்பதிலிருந்து 2, இப்படியே கடைசி வரை. கிடைத்த வித்தியாசங்களை எல்லாம் பெருக்கினால் வருவது எப்போதும் இரட்டைப்படை எண் என்று நிறுவ வேண்டும்.

பெருக்கிப் பார்க்க ஆரம்பித்தவர் தொலைந்தார். பெருக்கச் சொன்னவர்களை விட்டுவிட்டுக் கூட்டிப் பாருங்கள். வித்தியாசங்களின் கூடுதல் என்ன? மேலே இருப்பதும் அதே எண்கள், கழிப்பதும் அதே எண்கள், ஆகவே பூஜ்யம். எல்லா வித்தியாசங்களும் ஒற்றைப்படை என்றால், ஏழு ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் ஒற்றைப்படை எண்தான் வரும், பூஜ்யம் வராது. ஆகவே ஒன்றாவது இரட்டைப்படை, பெருக்கலும் இரட்டைப்படை. இரண்டே வரி. இதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது: ஒன்று முதல் ஏழு வரை ஒற்றைப்படை எண்கள் நான்கு, இரட்டைப்படை இடங்கள் மூன்று. மீதியை நீங்களே யோசியுங்கள்.

ஒரு கணக்கு முடிந்ததும் இரண்டாவது வழி தேடுவது கியூர்ஷாக்கின் தொகுப்பிலிருந்தே எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம். விடை வந்த பிறகு மறுபடி எதற்கு என்று பிள்ளைகள் முனகுவார்கள். முனகட்டும். இந்த ஒரு கணக்கில் முதல் வழி கூடுதலைப் பார்க்கக் கற்றுத்தருகிறது, இரண்டாவது வழி புறாக்கூண்டைக் கற்றுத்தருகிறது, வேறு கணக்கில் எது கைகொடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

ஆறாம் படி: எழுதுவது எப்படி என்பதற்கு ஒரு விடைத்தாள்

1947, கணக்கு 2: ஆறு பேர் ஓர் இடத்தில் கூடியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையொருவர் அறிந்த மூன்று பேராவது, ஒருவரையொருவர் அறியாத மூன்று பேராவது கட்டாயம் இருப்பார்கள் என்று காட்டுக. பின்னால் உலகம் முழுக்கச் சுற்றிய கணக்கு இது.

வகுப்பில் வரும் விடை பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்: ‘கண்ணனுக்கு மூன்று பேரைத் தெரியும் என்க. அவர்களில் இருவருக்கு ஒருவரையொருவர் தெரிந்தால், கண்ணனோடு சேர்த்து மூன்று பேர். தெரியாவிட்டால் அந்த மூவரும் அறியாதவர்கள். எனவே நிறுவப்பட்டது.’

யோசனை சரி, எழுத்தில் இரண்டு ஓட்டை. கண்ணனுக்கு ஏன் மூன்று பேரைத் தெரிந்திருக்க வேண்டும்? யாரையுமே தெரியாதவராக இருந்தால்? அப்புறம், ‘தெரியாவிட்டால்’ என்பது எந்த இருவருக்கும் தெரியாது என்பதா, ஒரு ஜோடிக்கு மட்டும் தெரியாது என்பதா?

திருத்தி எழுதினால்: ‘ஆறு பேரில் ஒருவரைக் கண்ணன் என்க. மற்ற ஐந்து பேரில் ஒவ்வொருவரும் கண்ணனுக்குத் தெரிந்தவர் அல்லது தெரியாதவர். இரண்டு வகையிலும் இரண்டு பேருக்கு மேல் இல்லை என்றால் மொத்தம் நான்கு பேர்தான் வர முடியும், ஆனால் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஆகவே ஏதோ ஒரு வகையில் குறைந்தது மூன்று பேர். அது தெரிந்தவர் வகை என்க. அந்த மூவரில் ஏதாவது ஒரு ஜோடி ஒருவரையொருவர் அறிந்திருந்தால், அந்த ஜோடியும் கண்ணனும் சேர்ந்து அறிந்த மூவர். ஒரு ஜோடிகூட அறிந்திராவிட்டால், அந்த மூவரே அறியாத மூவர். அது தெரியாதவர் வகை என்றாலும், மேலே உள்ளதில் அறிந்த, அறியாத என்ற சொற்களை இடம் மாற்றினால் அதே வாதம் பொருந்தும்.’

இங்கே ‘அதே வாதம்’ என்று சொல்லலாம், 17 கணக்கில் சொல்லக்கூடாது. என்ன வித்தியாசம் என்று மாணவரையே கேளுங்கள். இங்கே சொற்களை இடம் மாற்றினால் எதுவும் உடையாது, அங்கே 4 என்ற எண் ஒரு பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

ஐந்து பேர் மட்டும் இருந்தால் இது நடக்காது என்பதையும் காட்டச் சொல்லுங்கள். வட்டமாக உட்கார வைத்து, பக்கத்தில் இருப்பவரை மட்டும் தெரியும் என்று வைத்துப் பாருங்கள். கேள்வியில் கேட்கவில்லை, ஆனால் ஆறு என்ற எண் எங்கே பயன்பட்டது என்பது அப்போதுதான் விளங்கும்.

பொதுவாக எழுதும்போது: ரஃப் வேலை தனித்தாளில். ஒவ்வொரு குறியீட்டையும் பயன்படுத்தும் முன் அறிமுகப்படுத்துங்கள். வடிவியலில் படம் போட்டால் மட்டும் போதாது, புள்ளிகள் வேறு விதமாக அமைந்தால் என்ன ஆகும் என்பதையும் எழுத வேண்டும். 1894-இன் இரண்டாம் கணக்கே அப்படித்தான். ஒரு வட்டமும் இரண்டு புள்ளிகளும் கொடுத்து, அந்த வட்டத்துக்குள் செங்கோணத்தை அடைக்கும் இரு பக்கங்களும் ஆளுக்கொரு புள்ளி வழியாகப் போகும்படி முக்கோணம் வரையச் சொல்லிவிட்டு, எப்போது வரைய முடியாது என்றும் கேட்கிறார்கள். இரு புள்ளிகளையும் விட்டமாக வைத்து இன்னொரு வட்டம் போட்டால் வழி திறந்துவிடும். பாதி வேலை அந்த ‘எப்போது முடியாது’ என்பதில்தான் இருக்கிறது.

ஏழாம் படி: போட்டி நாள்

காலை 9 மணிக்கு ஆரம்பித்தால் 1 மணிக்கு முடியும். நடுவில் துண்டு போடாதீர்கள். ஒரு மணி நேரம் இன்று, ஒரு மணி நேரம் நாளை என்று பிரித்தால் இந்தப் போட்டியின் அர்த்தமே போய்விடும். தண்ணீர், முறுக்கு, கழிப்பறை அனுமதி எல்லாம் உண்டு. புத்தகமும் நோட்டும் தாராளமாக. போன், கால்குலேட்டர் வெளியே.

மாணவர்களுக்கு ஒரே அறிவுரை: முதல் இருபது நிமிடம் மூன்று கணக்கையும் படித்து, மூன்றிலும் எண் போட்டோ படம் போட்டோ விளையாடுங்கள், அதன் பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதோடு இருங்கள். மூன்றிலும் கால் கால் பங்கு எழுதுவதைவிட ஒன்றை முழுசாக முடிப்பது மேல். பொதுத் தேர்வில் எல்லாவற்றையும் ‘அட்டெண்ட்’ பண்ணு, ஸ்டெப் மார்க் கிடைக்கும் என்று பழக்கியிருக்கிறோம் அல்லவா, அதை இந்த ஒரு நாளுக்காவது மறக்கச் சொல்லுங்கள். கடைசி நாற்பது நிமிடம் எழுதுவதற்கு. இரண்டரை மணி நேரத்தில் கிளம்பப் பார்ப்பவர் இருப்பார், உட்காரச் சொல்லுங்கள். மூன்றாவது மணி நேரத்தில் வரும் யோசனை முதல் மணி நேரத்தில் வருவதில்லை.

கண்காணிப்பாளர் சும்மா இருக்க வேண்டும். ‘மட்டு எண்கணிதம் போட்டுப் பாரேன்’ என்று காதில் ஓதும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களை டீ குடிக்க அனுப்பிவிடுவது நல்லது.

எட்டாம் படி: திருத்துவது

மதிப்பெண் போடும் பழக்கத்தை விட முடியாது என்றால் இப்படிப் போடுங்கள்: முழுமையான நிறுவல், சிறு ஓட்டையுடன் கூடிய நிறுவல், முக்கியமான யோசனை மட்டும், எதுவும் இல்லை. நான்கே வகை. எத்தனை பக்கம் எழுதினார் என்பதற்கு மதிப்பெண் கிடையாது, அழகான கையெழுத்துக்கும் கிடையாது. விடை தெரியாத ஆசிரியரும் திருத்தலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. மாணவர் தன் விடையைப் பலகையில் எழுத, மற்றவர்கள் ஒவ்வொரு ‘எனவே’க்கும் ‘ஏன்?’ என்று கேட்கட்டும். பதில் சொல்ல முடியாத இடத்தில் ஓட்டை இருக்கிறது. ஒரு மணி நேரம் இப்படி நடந்தால் எட்டு டியூஷன் வகுப்புக்குச் சமம் என்று சொல்வேன். அதன் பிறகு ரப்பர் பேண்டைக் கழற்றிப் புத்தக விடையைப் பாருங்கள். யாருமே எதையும் முடிக்கவில்லை என்றால்? அடுத்த வாரம் அதே தாள். விடையைக் காட்டாதீர்கள்.

ஒன்பதாம் படி: இதற்கு மேல் எங்கே போவது

ஹங்கேரியில் இந்தப் போட்டி தனியாக நிற்கவில்லை. அதே 1894-இல் ஜியோர் நகரப் பள்ளி ஆசிரியர் அரனி டேனியல், மாணவர்களுக்காகவே ஒரு கணித மாத இதழைத் தொடங்கினார். கோமால் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். மாதா மாதம் கணக்கு வரும், மாணவர்கள் தபாலில் விடை அனுப்புவார்கள், நல்ல விடைகள் அனுப்பியவர் பெயரோடு அச்சாகும். அரனி பெயரிலும் ஒரு நினைவுப் போட்டி உண்டு, அது சின்ன வகுப்புகளுக்கு. நமக்குப் பயன்படும் செய்தி என்னவென்றால், கோமால் தன் கணக்குகளை ஆங்கிலத்திலும் வெளியிடுகிறது, நம் பிள்ளைகளும் போட்டுப் பார்க்கலாம். ஒரு மாதம் அவகாசம் என்பதால் கூச்ச சுபாவம் உள்ள மாணவர்களுக்கு நான்கு மணி நேரப் போட்டியைவிட இது ஒத்துவரும்.

நம் நாட்டில் என்றால் ஒலிம்பியாட் வரிசை. முதல் சுற்றான ஐ.ஓ.க்யூ.எம்.-இல் எண்ணை மட்டும் விடையாகக் குறித்தால் போதும், அங்கே வேகம் வேண்டும், இந்தப் பயிற்சி பெரிதாக உதவாது. அதைத் தாண்டி ஆர்.எம்.ஓ. என்ற மண்டலச் சுற்று, ஐ.என்.எம்.ஓ. என்ற தேசியச் சுற்று என்று போகும்போது நிறுவலை முழுசாக எழுத வேண்டும். முதல் சுற்றில் வேகமாகத் தேறிவிட்டு அடுத்த சுற்றில் வெள்ளைத்தாளைப் பார்த்துத் திகைக்கும் மாணவர்களுக்குத்தான் பழைய ஹங்கேரியத் தாள்கள் மிகவும் தேவைப்படுகின்றன.

முதல் சனிக்கிழமைக்கான தாள்

ஏதாவது ஓர் ஆண்டின் தாளை அப்படியே எடுக்காமல், ஆரம்பத்துக்கு இந்த மூன்றையும் கொடுங்கள். மேலே இவற்றுக்கு விடை சொல்லவில்லை, வேண்டுமென்றேதான்.

ஒன்று, 1908-இலிருந்து: இரண்டு ஒற்றைப்படை எண்களின் கனங்களின் வித்தியாசம் 2-இன் ஓர் அடுக்கால் வகுபட வேண்டுமானால், அந்த எண்களின் வித்தியாசமே அந்த அடுக்கால் வகுபட வேண்டும், அது போதும் என்று நிறுவுக. இரண்டு திசையும் வேண்டும்.

இரண்டு, 1910-இலிருந்து: மூன்று மெய்யெண்களின் வர்க்கங்களின் கூடுதல் 1. அவற்றை இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டினால் வருவது −1/2-க்குக் குறையாது, 1-ஐத் தாண்டாது என்று நிறுவுக.

மூன்று, 1894-இலிருந்து: ஒரு முக்கோணத்தின் பக்கங்கள் கூட்டுத்தொடர் வரிசையில் உள்ளன. பொது வித்தியாசமும் பரப்பும் தெரியும் என்றால் பக்கங்களையும் கோணங்களையும் காண்க. பொது வித்தியாசம் 1, பரப்பு 6 எனும்போது விடை என்ன? 3, 4, 5 என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். வேறு முக்கோணம் எதுவும் இருக்க முடியாது என்று எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள், எழுதாவிட்டால் தாளைத் திருப்பிக் கொடுங்கள், மணி இன்னும் ஒன்று ஆகியிருக்காது.